நான் காணாத கோல்

ஊதினது நான்தான்.
விசில் இப்பவும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.
உள்ளிருந்த தக்கை உக்கிவிட்டது, குலுக்கினால் சத்தமில்லை.

எழுபத்தாறு ஆடி, சந்தியோகுமையோர் பெருநாள் கிண்ணம்.
பாலையந்துறை மைதானத்துக்கு மூன்று பக்கம் பூவரசு,
நாலாம் பக்கம் பரவைக்கடல்.
கோல் கம்பத்தில் கட்டியிருந்தது
விடியப்புறம் மீன் ஏறின அதே வலை.
செதில் காயாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிமீன் கழகத்துக்கும் நீலக்கடலுக்கும்
அதற்கு முன்னமே சரிவராது.
காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை:
ஒரு கரைவலைப் பாடு,
குழம்பிப்போன ஒரு கலியாணப் பேச்சு,
சுரூபம் தெருவுக்கு வரும்போது
முன்தோள் யாருடையது என்பது.
நடுவில் இருந்ததோ ஒரு வாய்க்கால்.
எட்டி வைத்தால் மற்றத் தெரு.

முடிய மூன்று நிமிடம்.
பொனிப்பாஸ் வெறுங்காலால் அடித்தான்,
தோணி தள்ளுகிற கால்.
வெயில் கடலில் சரிந்து
முகத்துக்கு நேரே தகரம் பிடித்ததுபோல் இருந்தது.
வலை ஆடியது.
பந்து அப்பால் தண்ணீரில் மிதந்தது.
கம்பத்துக்கு உள்ளாலா? வெளியாலா?
வலையில் ஓட்டையா, வெறும் காற்றா?
அத்தனை சனமும் என்னைப் பார்த்தது.
கணக்கு வாத்தி நான்.
விடை தெரியாவிட்டால் இடத்தை வெறுமையாக விடு என்று
பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவன்.
ஊதினேன். நடுக்கோட்டைக் காட்டினேன்.

சைக்கிளை வாய்க்காலுக்குள் போட்டது நீலக்கடல்.
நனைந்த வாரைத் துடைத்து எடுத்துத் தந்ததும் அவர்கள்தான்.
வெள்ளிமீன் ஒரு சோடா தந்தது.
குடித்திருக்கக் கூடாது.

பிறகு வருசா வருசம்.
ஓட்டை பார்க்க ஒரு கொமிற்றி.
கிண்ணம் களவுபோய்
ஐஸ் பெட்டிக்குள் பாரைமீனோடு கிடந்த ஒரு வருசம்.
எண்பத்திரண்டில் நீலக்கடல் ஆறு கோல் போட்டது.
ஆறையும் போட்டுவிட்டு
"இதெல்லாம் கணக்கில்லை, அதைத் திருப்பித் தாங்கோ" என்றார்கள்.

பிறகு கடலுக்கே பாஸ் கேட்ட காலம்.
கம்பங்களை யாரோ பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசி,
நாவற்குழிப் பாலம், மழை.
ஒரு காலடிக்குப் பத்து நிமிடம்.
எனக்கு முன்னால் எமிலியானுஸ், நீலக்கடல் கோலி,
தலையில் தையல் மெசின்.
பின்னால் பொனிப்பாஸ், தோளில் நித்திரையான மகள்.
இருட்டுக்குள் ஒரு குரல்:
"டேய், அது வெளியால போனது."
"உள்ளால."
"வெளியாலயடா. காத்து என்ர கையில பட்டது."
யாரோ சிரித்தார்கள்.
"கதிரமலை மாஸ்ரர் இஞ்சதான் நிக்கிறார், கேளுங்கோவன்."
நான் குடையைச் சரித்தேன்.
எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம்,
ஒன்றுக்கும் அன்றைக்கு ஒருவரிடமும் மறுமொழி இல்லை.
இதற்கு மட்டும் நான் எங்கே போக?

பொனிப்பாஸ் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.
தொண்ணூற்றேழில் என்று வெள்ளிமீன்காரர் சொல்வார்கள்.
இல்லை, தொண்ணூற்றெட்டு, மாசிப் பனி என்று
எமிலியானுஸ் இப்பவும் சண்டை.
வலது கால் சின்னவிரல் அவனுக்கு வளைந்தது என்பதும்
எமிலியானுஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது பாரிசில் ஒரு வெள்ளிமீன்,
ஸ்காபரோவில் ஒரு நீலக்கடல்.
கோடையில் ஒருவரிடம் ஒருவர் பறந்துபோய் அடிபடுகிறார்கள்.
போன கிழமை வீடியோவில் ஒரு பெடியன்,
பொனிப்பாசின் மகள் பெற்றவன்.
பின்னால் செயற்கைப் புல்,
ஒரு கண்ணியும் பிசகாத கடை வலை.
நொண்டித் தமிழில் கேட்டான்,
"அம்மப்பா அடிச்சது கோலா?"

"கோல்தான்" என்றேன்.

பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த எமிலியானுஸ்
போனைப் பறித்தான்.
"பொய், தம்பி. இந்தாளுக்கு அண்டைக்கும் கண் தெரியாது."
பெடியன் விடவில்லை.
இவனும் விடவில்லை.
அரை மணித்தியாலம்,
என்னுடைய டேட்டா முடியும் மட்டும்.